தேதியைக் கேட்காத பக்தி

தென் அந்தமானில் ஃபெரார்கஞ்ச் வட்டத்தைச் சேர்ந்த ஊர் சௌல்தாரி. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர்தான் அவ்வூராருக்கு அருகிலுள்ள நகரம், அதுவே துறைமுகமும். அங்கு வாழும் குடும்பங்களுக்குப் பஞ்சாங்கத்தைப் போலவே இன்றியமையாதது கப்பல் அட்டவணை. சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம். கப்பலோ நாள்தோறும் புறப்படுவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். கடல் சீறினால் அறிவித்த நாளும் தள்ளிப்போகும். விமானம் உண்டு, ஆனால் கடைசி நேரத்தில் வாங்கும் பயணச்சீட்டின் விலை எளிய குடும்பத்தைக் கடனில் ஆழ்த்திவிடும்.

அவ்வூரில் ஒரு தந்தை தம் மகளைச் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்க்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் வரவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. தந்தை பதினெட்டாம் தேதிக் கப்பலுக்கு முன்பதிவு செய்கிறார். இரண்டு நாள் இருக்கிறதே என்று அவர் மனம் சொல்கிறது. கப்பல் எத்தனை நாளில் கரை சேரும் என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை. மகளுக்குப் புதுத் துணி வாங்கினார், குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தார், ஊரார் அனைவரிடமும் விடைபெற்றார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இருபத்தொன்றாம் தேதி சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது அந்தப் பெண்ணின் இடம் வேறொருவருக்குப் போய்விட்டிருக்கும்.

அந்தத் தந்தைக்கு மகள்மீது அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? அன்பு நிறைய இருந்தது. ஆனால் அதன் கவனக்குறைவுக்கு விலை கொடுத்தது அவரா? இல்லை. ஓர் ஆண்டை இழந்தவள் அந்தப் பெண். பயணத் திட்டத்தில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இத்தகையவை. திட்டமிடுபவர் ஒருவர், துன்புறுபவர் வேறொருவர்.

இதே போன்ற ஒரு பிழை, அந்தமான் கப்பல்கள் வந்து சேரும் இதே சென்னை நகரில், 1893-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதைச் செய்தவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர். குருபக்தியில் அவர்களுக்கு இணை கூறுவது அரிது. துன்புற்றவர் சுவாமி விவேகானந்தர்.

அந்த வரலாற்றை அறியாத அன்பர்கள் இருக்க முடியாது. ஆயினும் அது பெரும்பாலும் வெற்றியிலிருந்து பின்னோக்கியே சொல்லப்படுகிறது. செப்டம்பர் 11-ஆம் தேதி எழுந்த கரவொலியின் வெளிச்சத்தில், அதற்கு முந்தைய ஆறு வாரங்கள் ஓர் அழகிய முன்னுரையாகவே தோன்றிவிடுகின்றன. அந்த ஆறு வாரங்களை அவற்றுக்குள் நின்று பார்ப்பது நல்லது.

சென்னையில் ஆசிரியராகப் பணியாற்றிய அளசிங்கப் பெருமாளும் அவருடைய நண்பர்களும் சுவாமிஜியைச் சிகாகோ சர்வமத மகாசபைக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். அளசிங்கர் வசதி படைத்தவர் அல்லர். வீடு வீடாகச் சென்று யாசித்தார். தாம் செல்வது எளிய மக்களுக்காகவே ஆதலால் அம்மக்களிடமிருந்தே பணம் வரவேண்டும் என்று சுவாமிஜி விரும்பியிருந்தார். முதலில் திரட்டிய தொகையை, இன்னும் தேவியின் ஆணை கிடைக்கவில்லை என்று கூறி ஏழைகளுக்கே கொடுத்துவிடச் சொன்னார் சுவாமிஜி. இளைஞர்கள் மனந்தளரவில்லை. மறுபடியும் திரட்டினார்கள். கேத்ரி மன்னர் அஜித் சிங் உயர்வகுப்புப் பயணச்சீட்டுக்கும் ஆடைக்கும் ஏற்பாடு செய்தார். 1893 மே 31 அன்று 'பெனின்சுலர்' என்ற கப்பலில் பம்பாயிலிருந்து சுவாமிஜி புறப்பட்டார். வழியனுப்ப அளசிங்கர் பம்பாய்வரை சென்றிருந்தார்.

இத்தனை செய்தவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கவில்லை. மகாசபை எந்தத் தேதியில் கூடுகிறது? அதில் பேச யாருடைய அத்தாட்சிக் கடிதம் வேண்டும்? அந்த நாட்டில் எந்தப் பருவத்தில் எந்த ஆடை வேண்டும்? அறிமுகக் கடிதம் ஒன்று ஓரிடத்தில் கேட்கப்பட்டது உண்மை, அது கிடைக்கவில்லை. அத்துடன் அந்த முயற்சி நின்றது. சுவாமிஜி போய் நின்றால் போதும், கதவுகள் தாமே திறந்துகொள்ளும் என்று அவர்கள் உள்ளூர நம்பினார்கள். இந்து சமயம் எவ்வளவு தூரம் அமைப்பற்றுக் கிடந்தது என்பதற்கு, முன்னறிவிப்போ சான்றிதழோ இல்லாமல் அதன் பிரதிநிதி உலகின் வாயிலில் போய் நின்றதைவிட வேறு உதாரணம் இல்லை என்ற கருத்தில் சகோதரி நிவேதிதை பின்னாளில் எழுதினார்.

இதில் மனத்தைக் கலக்கும் செய்தி ஒன்று உண்டு. மகாசபையின் அமைப்பாளர்கள் பல நாடுகளிலும் ஆலோசனைக் குழுவினரை நியமித்திருந்தார்கள். அக்குழுவில் இடம்பெற்றிருந்தவர்களுள் ஒருவர் 'ஹிந்து' பத்திரிகையின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவர் இருந்தது சென்னையில்! தேதியும் விதிமுறையும் அறியக்கூடியவர், இந்த இளைஞர்கள் நிதி திரட்டி அலைந்த அதே நகரத்தில் இருந்தார். நூற்றுக்கணக்கான வாசல்களில் ஏறி இறங்கி ரூபாய் கேட்டவர்கள், அந்த ஒரு வாசலில் ஏறித் தேதியைக் கேட்டிருந்தால் போதும்.

சுவாமிஜி கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாகச் சென்று, யோகோஹாமாவில் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' கப்பலில் ஏறி ஜூலை 25-இல் வான்கூவர் சேர்ந்தார். வட பசிபிக்கின் குளிரில் தகுந்த கம்பளி ஆடையின்றி நடுங்கினார். அங்கிருந்து ரயிலில் ஜூலை மாத இறுதியில் சிகாகோ. உலகக் கண்காட்சியின் தகவல் நிலையத்துக்குச் சென்று விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. மகாசபை செப்டம்பரில்தான் தொடங்கும். அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் அத்தாட்சி இல்லாதவருக்கு அதில் இடமில்லை. பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொள்ளும் காலமும் கடந்துவிட்டது.

முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்கு ஊரிலிருந்து ஒருவர் உதவ வேண்டும். மூன்றாவதற்குப் பரிகாரமே இல்லை.

அந்தச் செலவுக் கணக்கை ஆகஸ்ட் 20-ஆம் தேதி அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் சுவாமிஜியே தருகிறார். சீடர்கள் நோட்டுகளாகக் கொடுத்தது 170 பவுன். ரொக்கம் 9 பவுன். அது 130 பவுனாகக் குறைந்துவிட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு பவுன் கரைகிறது. குளிர்காலம் வருவதற்குள் ஆடை வாங்கியாக வேண்டும். அதற்குத் தனிச் செலவு. இந்தக் கடிதம் சென்னையை அடைவதற்குள் கையிருப்பு பாதியாகிவிடும் என்பதையும் அவர் கணக்கிட்டிருந்தார். அங்கேயே தங்கியிருக்கப் பணம் அனுப்புங்கள், இயலாவிட்டால் நாடு திரும்பவாவது உதவுங்கள் என்று கேட்கும் நிலைக்கு, தமக்கென எதுவும் வேண்டாத ஒரு துறவி வந்திருந்தார். அந்தப் பவுன்கள் ஒவ்வொன்றும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் குமாஸ்தாக்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் வயிற்றைக் கட்டிக் கொடுத்த காசு என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

சிகாகோவின் செலவு தாங்காமல் அவர் பாஸ்டனை நோக்கி ரயில் ஏறினார். ரயில் பயணத்தில் அறிமுகமாகியிருந்த கேட் சான்பார்ன் என்ற அம்மையார் மெட்காஃபிலிருந்த தமது பண்ணை வீட்டில் இடம் தந்தார். அந்தத் தொடர்பின் வழியாக ஹார்வர்டில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜான் ஹென்றி ரைட்டைச் சந்திக்க நேர்ந்தது. ரைட் மகாசபைக் குழுவினருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். சிகாகோவுக்குப் பயணச்சீட்டும் வாங்கித் தந்தார். மூடிய கதவு திறந்தது. அதன் பின்னும் ஒரு தடங்கல். சிகாகோவில் இறங்கியபோது குழுவின் முகவரி எழுதிய தாள் காணாமற்போயிருந்தது! வழி கேட்டால் சொல்வார் இல்லை. அன்றிரவு ரயில்வே சரக்கு முற்றத்தில் காலியாகக் கிடந்த ஒரு பெட்டிக்குள் அவர் படுத்துறங்கினார்; அது சரக்கு ரயிலின் பெட்டி என்பர். மறுநாள் ஏரிக்கரையோரச் செல்வர் வீதியில் வீடு வீடாகச் சென்று வழி கேட்டார். வேலையாட்கள் அவமதித்துக் கதவைச் சாத்தினார்கள். களைத்துச் சாலையோரம் அமர்ந்திருந்தவரை எதிர்வீட்டிலிருந்து கண்டு வந்து அழைத்துச் சென்றவர் ஜார்ஜ் ஹேலின் மனைவியார்.

இந்த இடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தால் சுவாமிஜி செப்டம்பரில் நேராகச் சிகாகோ சென்றிருப்பார். சான்பார்ன் அம்மையாரும் ரைட்டும் ஹேல் குடும்பத்தாரும் கிடைத்திருப்பார்களா? பிழையே அருளாயிற்று அல்லவா? அப்படியானால் அதைப் பிழை என்பது ஏன்?

அருள் பிழையை மாற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அருள் மாற்றியதனால் பிழை பிழையன்று என்றாகிவிடாது. மரத்திலிருந்து விழுந்தவன் வைக்கோற்போரில் விழுந்து பிழைத்தான் என்றால், விழுந்தது நல்ல ஏறும் முறை என்று யாரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில்லை. மேலும், அந்த அருள் யாரிடத்தில் வெளிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சரக்குப் பெட்டிக்குள் கிடந்தும் நிலைகுலையாதவரிடத்தில் அது வெளிப்பட்டது. அவர் பட்ட பாட்டைக் காட்டி, வீட்டில் பாதுகாப்பாக இருந்தவர்கள் தங்கள் கவனமின்மைக்கு நியாயம் தேடுவது முறையாகுமா? சௌல்தாரித் தந்தை, 'எல்லாம் அவன் செயல்' என்று துறைமுகத்தில் நின்று சொல்லலாம். மகள் சொன்னால் அது சரணாகதி. அவர் சொன்னால் அது வெறும் சமாதானம். சொல் ஒன்றே, சொல்லும் இடம் வேறு.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், செயல் நிறைவேறுவதற்கான காரணங்களைக் கண்ணபிரான் ஐந்தாக எண்ணுகிறார். செயலுக்கு இடமான உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள் ஆகிய நான்கையும் கூறிய பிறகே தெய்வத்தை ஐந்தாவதாகக் கூறுகிறார். தெய்வம் ஐந்தாவது என்பதால் அது தாழ்ந்ததென்று பொருளன்று. மற்ற நான்கையும் மனிதன் தன் பங்குக்கு நிறைவு செய்ய வேண்டும் என்பதே கருத்து. நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் பற்றுவது ஐந்தாவதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதே அத்தியாயத்தில் செயல்களைக் குணத்தின்படி மூன்றாகப் பிரிக்கும்போது, எது தாமசம் என்பதற்கு அவர் தரும் இலக்கணம் வியப்பளிப்பது. சோம்பலைப் பற்றியன்று அங்கே பேச்சு. பின்விளைவைப் பாராமல், எவ்வளவு அழியும் என்று பாராமல், யார் துன்புறுவார் என்று பாராமல், தன்னால் இயலுமா என்றும் பாராமல் மயக்கத்தினால் தொடங்குவது எதுவோ அதுவே தாமசம். ஓடியாடிச் செய்தாலும், கண்ணீர் மல்கச் செய்தாலும், இந்த நான்கையும் பாராவிட்டால் அந்தச் செயலில் தமஸ் கலந்திருக்கிறது. பக்தர்கள் தங்கள் உற்சாகத்தைச் சத்துவம் என்று எண்ணிக்கொள்வது எளிது. உற்சாகம் ரஜஸாகவும் இருக்கலாம். விசாரணை அற்ற உற்சாகத்தின் அடியில் தமஸும் ஒளிந்திருக்கலாம். திருவள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதை அரசியலில் வைத்ததனால் அரசர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்ரீராமகிருஷ்ணர் இவ்விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதை நினைவுகூர்வது பொருத்தம். இடுப்பில் துணி நிற்கிறதா என்றே பல வேளைகளில் அறியாத அவர், பயணம் புறப்படும்போது மட்டும் எதையும் மறந்ததில்லை. ஒருமுறை தட்சிணேசுவரத்திலிருந்து கல்கத்தாவில் பலராம் போஸின் இல்லத்துக்கு வண்டியில் புறப்பட்டார். உடன் சென்றவர்களுள் யோகீன் ஒருவர்; பின்னாளில் சுவாமி யோகானந்தர் ஆனவர். வண்டி தோட்ட வாசலை அடைந்ததுமே குருதேவர், மாற்று வேட்டியும் துண்டும் எடுத்து வந்தாயா என்று கேட்டார். துண்டு இருக்கிறது, வேட்டியை மறந்துவிட்டேன், அவர்கள் மகிழ்ச்சியோடு புதிதாகவே ஒன்று தருவார்களே என்றார் யோகீன். குருதேவர் ஒப்பவில்லை. வந்த இடத்தில் அவர்களுக்குச் சிரமம் கொடுப்பதா, என்ன மனிதன் வந்து சேர்ந்தான் என்று நினைக்க மாட்டார்களா என்று கூறி, வண்டியை நிறுத்தச் செய்து, யோகீனைத் திருப்பி அனுப்பி வேட்டியை எடுத்துவரச் செய்தார். யோகீன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பலராமர் மகிழ்ந்தே கொடுத்திருப்பார். ஆயினும் ஒருவருடைய மறதியை இன்னொருவருடைய அன்பு ஈடுசெய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதைக் குருதேவர் அனுமதிக்கவில்லை. அதே யோகீன் கடைக்காரரின் தர்ம சிந்தையை நம்பி, பரிசோதிக்காமல் வாங்கி வந்த இரும்புச் சட்டி விரிசல் விட்டிருந்தபோது, பக்தனாக இருப்பதற்காக மூடனாக இருக்க வேண்டுமா என்ற பொருளில் கடிந்துகொண்டதும் பிரசித்தம்.

1893-இன் பிழை, கரவொலி எழுந்த அன்றோடு முடிந்துவிடவில்லை. இதுவே பலரும் கவனியாத பகுதி. மகாசபையில் பெரும்புகழ் வந்தபின் எதிர்ப்பும் வந்தது. இவர் இந்து சமயத்தின் பிரதிநிதிதானா, இவரை அனுப்பியது யார் என்று அமெரிக்காவில் சிலர் கேட்கத் தொடங்கினார்கள். காட்டுவதற்குச் சுவாமிஜியிடம் ஒரு தாள் இல்லை. சென்னையிலும் கல்கத்தாவிலும் மதிப்பிற்குரிய சிலரைக் கூட்டி ஒரு கூட்டம் நடத்தி, நன்றித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி முறைப்படி அமெரிக்காவுக்கு அனுப்பினால் போதும் என்று அவர் சீடர்களுக்கு எழுதினார். மாதங்கள் கடந்தன. 1894 ஜூன் 28-ஆம் தேதிக் கடிதத்தில் அவருடைய மனவேதனை மறைவின்றி வெளிப்படுகிறது. அத்தாட்சி ஏதுமின்றி வந்த தாம் போலியல்லர் என்று எதைக் கொண்டு நிரூபிப்பது என்று கேட்கிறார். இந்தியாவிலிருந்து ஏதேனும் வரும் என்று ஒவ்வொரு கணமும் காத்திருந்ததையும், ஒன்றும் வராததையும் எழுதுகிறார். சென்னையில் அக்கூட்டம் 1894 ஏப்ரல் 28 அன்று பச்சையப்பன் மண்டபத்தில் நடந்தேவிட்டது. ஆனால் அதன் செய்தி அவரை எட்டவே மேலும் காலமாயிற்று. கல்கத்தா நகர மண்டபக் கூட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 5-இல்தான் நடந்தது. புறப்படுவதற்கு முன்பு ஒரு வாரத்தில் பெற்றிருக்கக்கூடிய ஒரு தாள், புறப்பட்டபின் ஓராண்டுக்கு மேல் அவரை வருத்தியது.

அக்கடிதங்களில் கடுமை இல்லாமல் இல்லை. சீடர்களை அவர் இடித்துரைத்தார். ஒழுங்காக, விரைவாக, ஒன்றுகூடிச் செயல்படும் திறமை நம்மவர்களுக்கு இல்லையே என்று நொந்துகொண்டார். அவர்களைக் கைவிடவில்லை. கையில் காசு கரைந்துகொண்டிருந்த அந்த ஆகஸ்ட் மாதக் கடிதத்திலும் அவர் மனம் உருகியது இந்தியாவின் ஏழைகளுக்காகவே. அளசிங்கரும் இடித்துரையைக் கேட்டு மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. பிழையைச் சுட்டிக்காட்டினால் சேவையையே விட்டுவிடும் தொண்டர்களை எங்கும் காணலாம். அவர் அந்த வகை அல்லர். 1895-இல் சுவாமிஜியின் விருப்பப்படி சென்னையில் 'பிரம்மவாதின்' பத்திரிகையைத் தொடங்கினார். கட்டுரை, அச்சு, சந்தா, அஞ்சல் என்று இதழுக்கு இதழ் தேதி தவறாமல் கவனிக்க வேண்டிய வேலை அது. அதை ஆண்டுக்கணக்கில் தோளில் சுமந்தார்.

1899 ஜூன் 20 அன்று சுவாமிஜி இரண்டாம் முறை மேல்நாடு செல்லக் கல்கத்தாவில் 'கோல்கொண்டா' கப்பலில் ஏறினார். சுவாமி துரியானந்தரும் சகோதரி நிவேதிதையும் உடன் சென்றார்கள். 24-ஆம் தேதி கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியிருந்ததால் அங்கிருந்து வந்த இந்தியர்கள் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. அன்பர்கள் படகுகளில் வந்து கப்பலைச் சுற்றி நின்று தரிசித்துத் திரும்பினார்கள். 'பிரம்மவாதின்' பற்றி விரிவாகப் பேச வேண்டியிருந்தது அளசிங்கருக்கு. கரையில் சந்திக்க முடியாது என்று அறிந்ததும், கொழும்புவரை பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு அவரே கப்பலில் ஏறிவிட்டார். வெறுங்காலும், மழித்த தலையும், நெற்றியில் தென்கலைத் திருமண்ணுமாக வந்தவரின் கையில் இரண்டு சிறு மூட்டைகள். வழிக்கு வேண்டிய உணவை மிகுந்த கவனத்தோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றில் வறுத்த அவல். மற்றதில் பொரியும் வறுத்த பட்டாணியும். பயணக் குறிப்புகளில் சுவாமிஜி இதைச் சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, இவரைப் போலத் தன்னலமற்று உழைக்கிற, குருபக்தி மிகுந்த ஒருவரை உலகில் காண்பது அரிது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டு மூட்டைகளோடு அளசிங்கர் கொழும்புவரை அவருடனே சென்றார்.